நாற்பத்தெட்டு கிலோ

படுத்துக் கிடக்கும் உடம்பும் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறது. இதயத் தசை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 440 கலோரி எரிக்கிறது, சிறுநீரகமும் அப்படியே. மூளை கிலோவுக்கு 240. கைகால் தசை சும்மா இருக்கையில் வெறும் 13. உழைப்பு என்று நாம் சொல்வதெல்லாம் மேற்செலவு. பெரிய செலவு உள்ளே, நம்மைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. இதை நினைக்கும்போது, உறங்குகிறவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

*

60 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு தந்த சூத்திரம் எளியது. எடையைப் பத்தால் பெருக்கி 565-ஐக் கூட்ட வேண்டும். உலக அளவில் வழங்கிய சூத்திரத்திலிருந்து 5 சதவீதம் குறைத்துச் செய்தது இது. இந்தியர்களின் ஓய்வுச் செலவு அந்த அளவுக்குக் குறைவு என்று கணித்தார்கள்.

அம்மாவின் எடை 48 கிலோ. 480-உம் 565-உம் 1045. மூச்சுவிட, ரத்தம் ஓட, உடம்பு சூடாயிருக்க மட்டும் இது. நடமாட்டத்துக்காக இதை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அந்த எண் அந்தக் கழகத்தின் 2010 அறிக்கையில் 1.53, 2020 அறிக்கையில் 1.4. ஒன்றில் 1600 வருகிறது, மற்றதில் 1460. நடுவே நிற்கும் 140 கலோரி, சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் டிகிரி காபி. அந்த இடைவெளியில்தான் என் மனம் தங்கிவிட்டது.

*

அம்மாவுக்கு கிராம் பிடிபடாது, ஆழாக்கு பிடிபடும். ஆழாக்கு என்பது ஏறக்குறைய 170 மில்லி. தலைதட்டி அளந்த பச்சரிசியைச் சமையலறைத் தராசில் கொட்டிப் பார்த்தால் 140 கிராம் பக்கம் நிற்கிறது. நூறு கிராம் அரிசிக்குச் சுமார் 350 கலோரி, ஆக ஒரு ஆழாக்கு 490. வேகவைத்தால் தண்ணீர் ஏறிச் சாதம் இரண்டரை, மூன்று மடங்கு கனக்கும், கலோரி அதேதான். அளப்பதானால் வேகுமுன் அளப்பது நல்லது.

தாளிக்கிற எண்ணெய்தான் கண்ணில் படாமல் ஏறுவது. ஒரு மேசைக்கரண்டியில் 120-க்கு மேல். எடை ஏறிப்போகிறதே என்று கவலைப்படுகிற வீட்டில் அந்தக் கரண்டியைக் குறைப்பார்கள். எங்கள் வீட்டில் கூட்டுகிறோம். முதியவர் வயிறு கொஞ்சமே கொள்ளும். அந்தக் கொஞ்சத்துக்குள் சத்தை அடைத்து வைக்க நெய்யும் எண்ணெயும் கைகொடுக்கின்றன.

பழைய கோயில் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கு இத்தனை நாழி அரிசி, இத்தனை உழக்கு நெய் என்று வெட்டி வைத்திருப்பார்கள். பெருமாளுக்கே அளந்துதான் படைத்தார்கள். வீட்டு மனுஷிக்கு அளந்து போடுவதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

*

இனி செலவுப் பக்கம். திருச்சி மலைக்கோட்டை சுமார் 83 மீட்டர் உயரம். 60 கிலோ உடம்பை அவ்வளவு தூக்க இயற்பியல் கேட்பது 12 கலோரிதான். தசை தான் எரிப்பதில் கால் பங்கையே வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். அப்படிப் பார்த்தாலும் 50-ஐத் தாண்டாது. உச்சிப்பிள்ளையாரைச் சேவித்துவிட்டு வந்து ஒரு இட்லி சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். வேர்வையையும் மூச்சிரைப்பையும் வைத்துச் செலவை மதிப்பிட முடியாது.

*

ஏகாதசிக்கு மறுநாள் எடை பார்க்கக் கூடாது. ஒரு நாள் பட்டினியில் முதலில் கரைவது ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும் கூடவே போய்விடும். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சாதமும் உள்ளே போனதும் போன தண்ணீர் திரும்ப வந்து சேர்கிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கும் கொழுப்புக்கும் சம்பந்தம் குறைவு.

வாரத்தில் ஒரே கிழமை, விடியற்காலை, காபிக்கு முன் எடை பார்த்து, மாதக் கணக்காகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 7700 கலோரி. மாதம் அரைக் கிலோ இறங்கினால் நாளுக்கு 130 கலோரி போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். சூத்திரம் தந்த எண்ணை இப்படித் திருத்திக்கொண்டே போகலாம். எந்த அறிக்கையையும் விட அந்த உடம்பைப் பற்றி அந்த உடம்பு சொல்வதுதான் நம்பத்தக்கது. ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 48 கிலோவில் இரண்டரைக் கிலோ அளவுக்கு, காரணமில்லாமல் இறங்கினால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

*

ஒரு மனிதனுக்கு எவ்வளவு வேண்டும் என்று நம் நாட்டில் ஆழமாகக் கேட்ட இடங்களில் ஒன்று குன்னூர். 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. குன்னூரில் இயக்குநராக இருந்த அய்க்ராய்டின் கணக்கை வைத்துத்தான், 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தது. நடுத்தர உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி. உணவுக் கணக்கு கூலிக் கணக்கானது அப்போது. பொன்மலை ரயில்வே பணிமனைச் சங்கு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியும்.

25 வருஷம் கழித்து, 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இந்தத் திருச்சியின் பாப்பாக்குறிச்சியில். இன்றைய மத்திய அரசு விதிப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மதியம் 450 கலோரி, 12 கிராம் புரதம்; நடுநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். பசியாறினால் சரி என்று விடாமல் எண்ணாக எழுதி வைத்ததில் ஒரு பெரிய கருணை இருக்கிறது. எண்ணாக இருந்தால்தான் குறைந்தபோது கேட்க முடியும்.

*

பி.வி. சுகாத்மே என்ற புள்ளியியலாளர், குறைவாகச் சாப்பிட்டாலும் உடம்பு தன்னைச் சரிசெய்துகொண்டு எடையைக் காத்துக்கொள்ளும் என்று வாதித்தார். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் அதை விடாமல் எதிர்த்தார். உடம்பு சமாளிக்கிறது என்பதையே நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. நான் கோபாலன் பக்கம். கலோரி போதாத குழந்தை எடை குறையாமலே இருக்கக்கூடும். அது ஓடி விளையாடுவதை விட்டுவிட்டிருக்கும். 1985-இல் வந்த ஐ.நா. அமைப்புகளின் கூட்டறிக்கை, தேவை என்பதன் இலக்கணத்திலேயே இதைச் சேர்த்தது: பிழைப்புக்கு வேண்டிய உழைப்பு மட்டுமல்ல, நாலு பேரோடு கலந்து வாழ வேண்டிய நடமாட்டத்துக்கும் சேர்த்துத்தான் தேவை.

அம்மாவின் எடை ரொம்ப நாளாக அசையவில்லை. "எனக்கு இதுவே போறும்" என்று இலையை மூடிவிடுவாள். எடை நிலையாக இருக்கிறதே என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். வாசலில் கோலம் நின்றது, மொட்டை மாடியில் வடாம் நின்றது, காய்கறிக்காரர் வீட்டுக்கே வந்தார். வெள்ளிக்கிழமை தாயார் சன்னதி மட்டும் கொஞ்ச நாள் ஓடியது, பிறகு அதுவும் நின்றது. ஒவ்வொன்றும் பத்து, இருபது, முப்பது கலோரி. கூட்டினால் அந்த 140 வந்துவிடும். குறைந்த சாப்பாட்டுக்கு அவள் தன் நாளையே சுருக்கித் தைத்துக்கொண்டிருக்கிறாள். தராசுக்கு இது தெரியாது.

20 வயதிலிருந்து 60 வரை ஏறத்தாழ நிலையாக இருக்கும் உடம்பின் செலவு அதற்குப் பிறகு வருஷத்துக்குச் சுமார் 0.7 சதவீதம் இறங்குவதாக, 6400-க்கும் மேற்பட்டவர்களை அளந்த 2021-ஆம் வருஷத்துப் பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்த இறக்கம் இயற்கை. அதற்கு மேல் நாமே இறக்கிக்கொள்வதை மீட்கலாம்.

*

ஆகவே 1460-க்கு அல்ல, 1600-க்குச் சமைக்கிறோம். சாப்பாட்டையும் நடையையும் ஒன்றாகவே ஏற்ற வேண்டும். நடை மட்டும் ஏறினால் எடை கரையும். சாப்பாடு மட்டும் ஏறினால் கொழுப்பாகத் தங்கும். கூட்டுகிற பங்கு அரிசியாக இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். 2020 அறிக்கை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது, அம்மாவுக்கு 40 கிராம். முதியவர்களுக்கு கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்பது பல வல்லுநர்களின் கருத்து. 25 கிராம் வேர்க்கடலையில் 140 கலோரியும் ஆறு கிராம் புரதமும் இருக்கின்றன. அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் இல்லை. அதனால் ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து, மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, துளி உப்பும் எலுமிச்சையும் சேர்த்து, சாயங்காலக் காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். காபியோடு கொடுத்தால் ராத்திரிச் சாப்பாடு குறைந்துவிடுகிறது.