காத்திருத்தல் குற்றமாகுமா?

தூத்துக்குடிக் கடலில் 1961-இல் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. முத்துக்காகக் கரையில் குவித்து அழுகவிட்ட சிப்பிகள் எண்ணில. பிற உயிரின் அழிவில் நம் பேற்றைத் தேடுதல் தீது.

இன்று வேறொரு வினா எழுகிறது. இதயம் தளர்ந்த குழந்தைக்கு உடலுக்கு வெளியே பொருத்தும் ‘பெர்லின் ஹார்ட்’ என்னும் பம்பினைச் சென்னை மருத்துவர்களும் பொருத்தியுள்ளனர். காற்றழுத்தத்தால் இயங்கிக் குருதியைச் செலுத்தும் அதன் மிகச் சிறிய அளவு 10 மி.லி. மட்டுமே. குருதி உறைந்து மூளையைத் தாக்கும் இடரும் உண்டு. பெரும்பாலும் அது மாற்று இதயம் கிட்டும்வரை தாங்கும் பாலமே. அவ்விதயமோ மூளைச்சாவுற்ற வேறொரு பிள்ளையிடமிருந்து வரவேண்டும். எனில், காத்திருக்கும் தாய் பிறர் பிள்ளையின் சாவை வேண்டுகிறாளா?

தீவினை மூவகை: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். முன்னிரண்டும் இங்கில்லை, மூன்றாவதே ஆராயத்தக்கது. சாவுக்கு உடன்படுதல் வேறு; சாவு நேர்ந்தபின் கொடைக்கு உடன்படுதல் வேறு. 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவுற்ற தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்தனர். அவன் இதயம் ஒன்பது வயதுச் சிறுமியை வாழ்வித்தது. சிப்பியிடமிருந்து முத்து பறிக்கப்பட்டது, இதுவோ கொடுக்கப்பட்டது.

ஆயினும், ‘இன்று எங்கேனும் ஒரு விபத்து நேராதா’ என மனம் ஒருகணம் விழையின், அது உடன்பாடே. காக்கவேண்டியது அக்கணத்தையே. பெற விழைவோர் கொடுக்கவும் இசைந்திருப்பின், அக்காவல் எளிதாகும்.