விழுந்தவனா, குழி வெட்டியவனா?



கணினித் திரையிலே எழுதுவதற்கென்று ஒரு வெள்ளைக் கட்டம். அதில் மவுஸைச் சொடுக்கினால் சிறு கோடொன்று மின்னி மின்னி நிற்கும். விசையை அழுத்தினால் எழுத்து விழும். பிழையானால் அழித்து எழுதலாம். குழந்தையும் செய்யும். ஆனால் இந்த எளிமை தானாக வந்ததன்று.

1974-ம் ஆண்டு கலிபோர்னியாவில், செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிராவோ என்னும் எழுதும் நிரல் உண்டாயிற்று. அதில் ஒரே விசை ஒரு வேளை எழுத்து, மறு வேளை கட்டளை. கட்டளைக்குரிய வேளை என்றறியாமல் ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் என்ன ஆகும்? முதலெழுத்து அனைத்தையும் தெரிந்தெடுக்கும், இரண்டாவது அழித்துவிடும், மூன்றாவது புதிதாய் எழுத இடம்விடும், நான்காவது மட்டும் தன்னந்தனியே நிற்கும். எழுதியதெல்லாம் போயிற்று!

குற்றம் யாருடையது? "கவனமில்லாதவன்" என்று கடிந்துகொள்வது சுலபம். லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஆளை ஏசவில்லை, கருவியைத் திருத்தினார்கள். 1975-ல் அதே ஆய்வுக்கூடத்தில் அவர்கள் ஆக்கிய ஜிப்ஸி நிரலில் எழுத்து விசை எப்போதும் எழுத்தே. இன்றைய கட்டமும் அவ்வழி வந்ததுதான்.

பெற்றோரே, நம் வீட்டைப் பாருங்கள். நேற்றுச் சிரித்து ரசித்த பேச்சுக்கு இன்று அடி கொடுத்தால், பிள்ளை எதை நம்பி வாய் திறக்கும்? பிள்ளையும் திருந்தவேண்டும், மெய்தான். ஆயினும் கையை ஓங்குமுன், குழி வெட்டியது நாமோ என்று மனச்சாட்சியைக் கேட்போமாக.