கோட்டைச் சுவரின் உட்புறமும் வெளிப்புறமும்

தாராவியில், மித்தி ஆற்றை ஒட்டி, வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் இடையே கருங்கல்லாலான சிறு கோட்டை ஒன்று நிற்கிறது. மக்கள் அதனைக் காலா கில்லா என்பர். ஏடுகளில் அதன் பெயர் ரீவா கோட்டை. பம்பாய்க் கவர்னர் ஜான் ஹார்ன் என்பவரின் ஆணையால் 1737-இல் கட்டப்பட்டதென அதன் சுவரிற் பதித்த கல் கூறுகிறது. நம் வாசகர்களிற் பலர் அதன் அண்டையில் பிறந்து வளர்ந்தவர்கள். கோபர்கைரனேயில் வாழ்வோர்க்கோ பேலாப்பூர்க் கோட்டை அணித்தாக இடிந்து கிடக்கிறது. ஜஞ்சிராவின் சித்திகளும், போர்ச்சுகீசியரும், மராட்டியரும், இறுதியில் ஆங்கிலேயரும் மாறி மாறி அதனைக் கைக்கொண்டனர்.

இத்தகைய பாழ்க்கோட்டைகளின் முன் நிற்குங்கால் நாம் கொள்ளவேண்டிய உணர்ச்சி யாது? பெருமிதமா, வெறுப்பா, இரக்கமா? இஃது ஓய்வு நேரத்துக் கேள்வியன்று. கோட்டைகளின் பெயரால் பெருமை பேசுவோர் இந்நாட்டில் மிகுதி. அப்பெருமையில் நீவிரும் பங்கு கொள்க என்று நம்மையும் அவர்கள் அழைக்கின்றனர். அழைப்பை ஏற்குமுன் ஒரு கோட்டையின் கதையையேனும் முழுதாகக் கேட்டல் நன்று.

வசாய்க் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1534-இல் குஜராத்துச் சுல்தான் பகதூர் ஷாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் போர்ச்சுகீசியர் வசாயைப் பெற்றனர். இருநூறாண்டுக் காலம் அவர்தம் வடபகுதி ஆட்சிக்கு அதுவே தலைநகர். மதில்களுக்குள் மாதாகோயில்களும், மடங்களும், பிரபுக்களின் மாளிகைகளும் நிறைந்திருந்தன. 1675-இல் அங்குச் சென்ற ஜான் ஃபிரையர் என்ற ஆங்கில மருத்துவர், கிறிஸ்தவரன்றி வேறெவரும் மதிலுக்குள் இரவு தங்கலாகாது என்னும் விதியைக் குறித்துள்ளார். பகலில் வாணிகம் செய்த பனியாக்கள் மாலை முரசொலி கேட்டதும் வெளியேறிவிட வேண்டும். அவர்களின் பணம் உள்ளே தங்கலாம், அவர்கள் தங்கலாகாது!

1737-இல் மராட்டியர் தாணாவைக் கைப்பற்றினர். அவர்களை அழைத்தோர் யார் எனில், அஞ்சூர் நாயக்கர் போன்ற அவ்வட்டாரத்துக் குடிகளே. சமயக் கெடுபிடியால் மனம் புண்பட்டு நின்ற அவர்கள், பேஷ்வாவின் படைக்கு வழிகாட்டினர். 1739 பிப்ரவரியில் பேஷ்வா முதலாம் பாஜிராவின் இளவல் சிமாஜி அப்பா வசாயை முற்றுகையிட்டார். சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தனர். சில வெடித்துச் சுவரைப் பிளந்தன. சில தோண்டியவர்களையே கொன்றன. பிளவு வழியே ஏறியவர்கள் மேலிருந்து எறியப்பட்ட நெருப்பில் மாண்டனர். மூன்று திங்கள் கடந்து, மே மாதத்தில் கோட்டை பணிந்தது. தோற்றோர் தம் உடைமைகளுடன் வெளியேற எட்டு நாள் தவணை அளித்த சிமாஜியின் பெருந்தன்மையை யாம் மறைக்கப் புகவில்லை. போரிலும் மனிதத் தன்மை முற்றும் அழிந்துவிடுவதில்லை என்பதற்கு அது சான்று.

அண்டையிலிருந்த ஆங்கிலேயர் என் செய்தனர்? வெடிமருந்து கொஞ்சம் அனுப்பினர். மாதாகோயில் வெள்ளிப் பாத்திரங்களையும் பித்தளைப் பீரங்கிகளையும் ஈடாகப் பெற்றுக்கொண்டு 15,000 ரூபாய் கடன் கொடுத்தனர். கோட்டை வீழ்ந்தபின், அவ்வாண்டு ஜூலையிலேயே, வென்றவருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். வசாயின் மாதாகோயில் மணிகள் வெற்றிச் சின்னங்களாகச் சென்றன. நாசிக்கில் நாரோசங்கர் கோயிலில் தொங்கும் பெருமணி அத்தகையதே. ஒரு தெய்வத்தின் அடியார்களை அழைக்க வார்த்த வெண்கலம் மற்றொரு தெய்வத்தின் அடியார்களை அழைக்கிறது, ஓசை மாறவில்லை. 1780-இல் ஆங்கிலேயர் வசாயைப் பிடித்தனர். 1782-இல் சால்பாய் உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தனர். 1802 டிசம்பர் 31-இல் இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயருக்கு அடங்கி நடப்பதாகக் கையெழுத்திட்ட இடமும் அவ்வசாயே. ஆயிரக்கணக்கானோர் உயிரீந்து பெற்ற ஊரில், எழுதுகோல் ஒன்றினால் அரசுரிமை போயிற்று.

இனி, மராட்டியக் கோட்டைகளின் அமைப்பை நோக்குக. கோட்டைக் காவலில் பிராமணரும் மராட்டியரும் மட்டுமன்றி, மஹார், மாங்கு, ராமோஷி வகுப்பினரும் இருந்தனர். ஆனால் ஏட்டுக்கணக்கும் அதிகாரமும் உள்ளே. மஹாரும் ராமோஷியும் மதிலுக்கு வெளியே, மலைச்சரிவிலும் காட்டு வழிகளிலும் புறக்காவல். பகைவனின் முதல் அம்பு யார்மீது படும் என்று சொல்லவும் வேண்டுமோ? கோட்டை காத்தவனைக் கோட்டை காக்கவில்லை. போர்ச்சுகீசியர் சமயத்தால் கோடு கிழித்தனர். பேஷ்வாக்கள் சாதியால் கிழித்தனர். கொடி மாறியது, கோடு மாறவில்லை.

இக்கோடு போர் ஓய்ந்த பின்னும் அழியவில்லை என்பதற்குத் தௌலதாபாத்தே சான்று. யாதவரின் தேவகிரி அது. 1296-இல் அலாவுதீன் கில்ஜி அதனைச் சூறையாடினான். 1327-இல் முகமது பின் துக்ளக் அதனைத் தலைநகராக்கினான். 1633-இல் மொகலாயர் வென்றனர். பின்னர் நிஜாமின் கைக்கு வந்தது. 1934-இல் டாக்டர் பாபாசாகிப் அம்பேத்கர் ஏறத்தாழ முப்பது தோழர்களுடன், வேருள் பௌத்தக் குகைகளைக் காணச் செல்லும் வழியில் அக்கோட்டையைப் பார்க்க வந்தார். வாயிலருகே சிறு குளம் ஒன்று நிறைந்திருந்தது. வழிப்புழுதியுடன் வந்தவர்கள் அந்நீரில் முகமும் கைகால்களும் கழுவினர். தீண்டாதார் குளத்தைத் தீட்டாக்கிவிட்டனர் என்று முதியவர் ஒருவர் கூச்சலிட்டு வர, கூட்டம் திரண்டது. உங்கள் மதம் இதையா கற்பிக்கிறது என்று பாபாசாகிப் உரத்துக் கேட்ட பின்னரே கூச்சல் அடங்கியது. கோட்டையைச் சுற்றிப் பார்க்க இசைவு கிடைத்தது. எங்கும் தண்ணீரைத் தொட்டுவிடாதபடி காவல்புரிய ஆயுதந்தாங்கிய சிப்பாய் ஒருவன் உடன் அனுப்பப்பட்டான்! அறுநூறு ஆண்டுப் படையெடுப்புகள் தகர்க்காத அரண் கல்லால் ஆனதன்று என்பதை அச்சிப்பாய் நன்கு விளக்கிவிட்டான்.

பகவான் புத்தர் காலத்தில் மகத அமைச்சர்களாகிய சுனிதனும் வஸ்ஸகாரனும் வஜ்ஜியரைத் தடுக்கப் பாடலி கிராமத்தில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தனர். அந்நகரம் பெருமை எய்தும் என்ற பகவான், நெருப்பு, நீர், உட்பூசல் ஆகிய மூன்றும் அதற்கு இடையூறு என்றார். முன்னதாக, வஜ்ஜியரை வெல்லலாகுமோ என்று அஜாதசத்துரு ஆளனுப்பிக் கேட்டபோது, அவர்களின் மதில் எத்தனை முழம் என்று அவர் வினவவில்லை. அடிக்கடி கூடுகின்றனரா, ஒன்றுபட்டுக் கலைகின்றனரா, மூத்தோர் சொல் கேட்கின்றனரா, மகளிரை வலிந்து கவராதிருக்கின்றனரா என்று ஆனந்தரிடம் கேட்டார். பின்னர் வஸ்ஸகாரன் வைசாலிக்குட் புகுந்து மூன்றாண்டு பிளவை விதைத்தான் என்றும், பகை வந்தபோது முரசு கேட்டும் ஒருவரும் திரளவில்லை என்றும் உரையாசிரியர் எழுதுகின்றனர். திறந்த வாயில் வழியே பகைவன் நுழைந்தானாம். அஞ்சூர் நாயக்கரின் செயலை இக்கதையுடன் வைத்துப் பார்த்தால் வசாய் வீழ்ந்த காரணம் பாதி விளங்கும்.

இங்கே அன்பர் சிலர் நம்மை மடக்கலாம். ‘போரைப் பழிக்கிறீர், ஆயின் கோரேகாவ் தூணை வணங்கவில்லையோ?’ என்பர். நேர்மையான கேள்வி. 1818 ஜனவரி முதல் நாள் பீமா ஆற்றங்கரையில் கும்பினிப் படை பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்றது. தூணிற் பொறித்த மாண்டோர் பெயர் 49-இல் 22 மஹார் பெயர்கள். அவர்கள் சுமந்த துப்பாக்கி அந்நியனுடையது. அந்நியனோ அந்நூற்றாண்டின் இறுதியில் மஹார்களைப் படையிற் சேர்ப்பதையே நிறுத்திவிட்டான். இவற்றை அறிந்தே பாபாசாகிப் 1927-இல் அங்குச் சென்றார். கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் கட்டாயம் வேறு என்று பிற்காலத்தில் அவர் தம் நூலில் பகுத்துரைத்தார். இப்பகுப்பு நம் ஐயம் அனைத்தையும் தீர்த்துவிட்டதாக யாம் சொல்லோம். கட்டாயம் என்று சொல்லிக்கொள்ளாத படைத்தலைவன் உலகில் உண்டோ? ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கொன்ற கணக்குக்காக நாம் அங்குச் செல்வதில்லை. மனிதரென்றே எண்ணப்படாதவர் பெயர்கள் கல்லில் ஏறியதைப் படிக்கச் செல்கிறோம். வெற்றிக் களிப்புக்காக ஒருவர் செல்வாராயின், சிமாஜியின் மணியை அடிப்பவருக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை.

காலா கில்லாவின் கல்லில் ஹார்னின் பெயர் மட்டுமே உண்டு. கல் உடைத்தவர், சுண்ணாம்பு சுமந்தவர், சதுப்பில் நின்று அடித்தளம் இட்டவர் எவர் பெயரும் இல்லை. சுவர்களிற் செடி முளைத்து, குப்பை சேர்ந்து கிடக்கிறது. அதனைப் பேணுக என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பேணும் நாளில் வைக்கப்படும் பலகையில் கவர்னரின் பெயருக்குக் கீழே, பெயர் தெரியாத அவ்வுழைப்பாளரைப் பற்றியும் மராத்தியிலும் தமிழிலும் ஒரு வரி எழுதுமாறு நம் சங்கத்தார் விண்ணப்பிக்கலாம்.