அண்டை வீட்டுக் கிணறும் அறியும் உரிமையும்

ஒருவன் தன் நிலத்தில் தான் விரும்பியதைச் செய்யலாம் என்பது உலகம் ஒப்பிய நியதி. ஆயின் அவன் செய்வது தன் வேலிக்குள்ளேயே நிற்குமா என்பது தனிக் கேள்வி. புகை வேலியை மதிப்பதில்லை. நிலத்தடி நீரோ வேலி என ஒன்று இருப்பதையே அறியாது. ஒருவன் தன் நிலத்தில் எதையோ ஊற்றுகிறான். பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர், 'ஐயா, நீர் ஊற்றுவது யாது?' என்று கேட்கிறார். 'அது எம் தொழில் இரகசியம்' என்று விடை வருகிறது. இவ்விடை அறமாகுமா?

இது வெறும் கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் அருகே வாழும் மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. அங்குப் பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் ஷேல் எனப்படும் களிப்பாறை அடுக்குகளில் எரிவாயு சிறைப்பட்டுக் கிடக்கிறது. அதை விடுவிக்க நீரும் மணலும் இரசாயனப் பொருள்களும் கலந்த கலவையைப் பேரழுத்தத்துடன் உள்ளே செலுத்திப் பாறையைப் பிளக்கின்றனர். பிளவு மூடிவிடாமல் மணல் தாங்கிக்கொள்ளும். இரசாயனங்கள் உராய்வைக் குறைக்கவும், நுண்ணுயிர்களைக் கொல்லவும், குழாய் அரிக்காமல் காக்கவும் பயன்படும். 1949இல் ஓக்லகோமாவிலும் டெக்சாசிலும் வணிக முறையில் தொடங்கிய இத்தொழில், கிடைமட்டமாகத் துளையிடும் நுட்பத்துடன் இணைந்தபின் இந்நூற்றாண்டில் பெருகிப் பரவியது.

கலவையில் இரசாயனத்தின் பங்கு நூற்றில் அரை முதல் இரண்டு வரைதான் என்று நிறுவனங்கள் ஆறுதல் கூறும். அது மெய்தான். ஆனால் ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் நீர் செலவாவது அங்குச் சாதாரணம். அதில் நூற்றில் ஒரு பங்கு என்பது ஒன்றரை இலட்சம் லிட்டர். விகிதத்தைச் சொன்னால் துளியாகத் தோன்றுவது, அளவைச் சொன்னால் குளமாகத் தோன்றுகிறது. இரண்டும் உண்மையே. ஆயினும் எந்த உண்மையைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பவர் யார் என்பதையும் நாம் நோக்க வேண்டும்.

சட்டம் என்ன செய்தது? குடிநீரைக் காக்க அந்நாடு 1974இல் ஒரு சட்டம் இயற்றியது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், டீசல் எண்ணெய் கலந்தாலன்றிப் பாறைப் பிளப்புக்கு அதன் நிலத்தடிச் செலுத்தல் விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. இங்கு நம் நாட்டுத் துயரமொன்றும் நினைவுக்கு வருகிறது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவிய இரவில், எந்த நஞ்சு, எதற்கு எது மாற்று என்று தெளிவுறத் தெரியாமல் மருத்துவர்கள் தவித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அந்தப் பேரழிவின் அதிர்ச்சியில்தான் 1986இல் அமெரிக்கா, ஆலைகளின் அண்டையில் வாழும் மக்களுக்கு அறியும் உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. ஆனால் ஆலைகள் ஆண்டுதோறும் தாம் வெளியேற்றும் நச்சுப் பொருள்களின் கணக்கைத் தரவேண்டும் என்ற அச்சட்டத்தின் ஏற்பாட்டில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் சேர்க்கப்படவில்லை.

இனி, மறைப்போர் கூறும் நியாயங்களைப் பொறுமையுடன் கேட்போம். பல ஆண்டுகள் உழைத்துக் கண்டறிந்த கலவையைப் போட்டியாளன் கவர்ந்துகொள்வான் என்பது முதல் நியாயம். உழைப்பின் பயனைக் காத்துக்கொள்ளும் உரிமையை நாம் மறுக்கவில்லை. பாறை பிளக்கும் ஆழம் வேறு, குடிநீர் ஊறும் ஆழம் வேறு என்பது இரண்டாவது. இதுவும் பெரும்பாலும் மெய்யே. எனினும் மேற்பரப்பில் சிந்துவதும், குழாய்ச் சுவர் பழுதுபடுவதும், கழிவுநீர் கசிவதும் உண்டு. சில சூழ்நிலைகளில் குடிநீர் ஆதாரங்கள் பாதிக்கப்படலாம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016இல் வெளியிட்ட ஆய்வறிக்கை முடிவு கூறியது. பாமர மக்கள் பெயர்களைக் கண்டு வீணே அஞ்சுவர் என்பது மூன்றாவது. இது மக்களை இழிவுபடுத்தும் வாதம். அறியாதவனின் அச்சத்துக்கு எல்லையில்லை. அறிந்தவனின் அச்சத்துக்கு ஓர் அளவேனும் உண்டு.

முதல் நியாயத்துக்கு விடை நம் வீட்டு விருந்திலேயே இருக்கிறது. பெயர்பெற்ற பிரியாணிச் சமையற்காரர் தம் பக்குவத்தை எவருக்கும் சொல்லமாட்டார், சொல்ல வேண்டியதுமில்லை. ஆனால் வேர்க்கடலை உடலுக்கு ஒவ்வாத விருந்தினர் ஒருவர், 'இதில் வேர்க்கடலை உண்டா?' என்று கேட்டால், 'அது எம் இரகசியம்' என்று அவர் சொல்வாரா? சேர்த்த பொருளின் பெயர் வேறு. சேர்க்கும் அளவும் முறையும் வேறு. பெயரைச் சொல்வதால் பக்குவம் பறிபோவதில்லை. கலிபோர்னியா மாநிலம் 2013இலேயே, இரசாயனங்களின் பெயரை வணிக இரகசியமாகக் கொள்ள இடமில்லை என்று சட்டம் செய்தது. 2022இல் கொலராடோவும் அவ்வழி சென்றது. எந்தச் சரக்கில் எது உள்ளது என்று இணைத்துக் காட்டாமல், கிணற்றில் செலுத்தப்படும் பொருள்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாகத் தந்தால் போதும். இரகசியமும் காக்கப்படும், அண்டை வீட்டாரும் அறிவர்.

மறைப்பின் மற்றொரு பக்கம் இன்னும் வியப்பானது. அமெரிக்கக் காங்கிரசின் குழு உறுப்பினர்கள் 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 14 நிறுவனங்கள் 2005 முதல் 2009 வரை 750 இரசாயனப் பொருள்கள் அடங்கிய 2,500க்கு மேற்பட்ட சரக்குகளைப் பயன்படுத்தின. அவற்றுள் உப்பும் காப்பித்தூளும் இருந்தன. பென்சீனும் ஈயமும் இருந்தன. 279 சரக்குகளில் ஒரு பொருளேனும் இரகசியம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. விவரம் கேட்டபோது, 'வேறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்கு. உள்ளே இருப்பது எமக்கே தெரியாது' என்று சில நிறுவனங்கள் விடையளித்தன. தானே அறியாத ஒன்றைப் பிறர் நிலத்தடியில் செலுத்துபவன், தன் இரகசியத்தைக் காக்கிறேன் என்று எவ்வாறு சொல்ல இயலும்?

விற்கும் பண்டத்தில் மறைந்துள்ள குறையை வாங்குபவனுக்கு எடுத்துரைத்தாக வேண்டும்; மறைத்து விற்றால் வாங்கியவன் அதைத் திருப்பித் தரலாம். ஃபிக்ஹு நூல்களில் 'ஐபு' பற்றிய பாடம் ஓதிய மாணவனும் இதை அறிவான். விலைகொடுத்து விரும்பி வாங்குபவனுக்கே இந்த உரிமை உண்டெனில், எதையும் வாங்காமல், எந்த இலாபத்திலும் பங்கு பெறாமல், ஆபத்தை மட்டும் சுமக்கும் அண்டை வீட்டாருக்கு அதனினும் மேலான உரிமை இருக்க வேண்டுமன்றோ? அவர் தமக்கு வந்ததைத் திருப்பித் தரவும் இயலாது. அந்நாட்டில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள கனிமம் வேறொருவருக்கும் உரியதாயிருப்பதுண்டு. அத்தகைய இடத்தில் தம் வீட்டின் அடியிலேயே நிகழ்வதைத் தடுக்கவும் குடியிருப்பவருக்கு வழியில்லாமற்போகலாம். தடுக்கும் ஆற்றல் குறையுந்தோறும் அறியும் உரிமை வலுப்பெற வேண்டும் என்பதே நம் கருத்து.

இவ்வுரிமை வெறும் மன ஆறுதலுக்கானதன்று. நீரைப் பரிசோதிப்பவரிடம் 'இதில் என்ன இருக்கிறது?' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைப்பதரிது; 'இன்ன பொருள் இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். பெயர் தெரியாதவர் எதைக் கேட்பார்? தனியார் கிணற்று நீரை அமெரிக்கக் குடிநீர்ச் சட்டம் காப்பதில்லை. உரியவரே தம் செலவில் சோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவரின் நிலையும் இதுவே. 2008இல் கொலராடோ மருத்துவமனை ஒன்றில், இரசாயனம் தோய்ந்த உடையுடன் வந்த தொழிலாளிக்குப் பணிவிடை செய்த செவிலி சில நாட்களில் கடுமையாக நோயுற்றார். மருத்துவர் கலவையின் முழு விவரத்தைக் கேட்டபோது வணிக இரகசியம் என்று மறுக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் அந்தக் கலவைதான் என்று தீர்ப்புரைக்க நாம் முன்வரவில்லை. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அந்தப் பட்டியல் அன்றோ தேவை! பின்னர் 2012இல் பென்சில்வேனியா இயற்றிய சட்டம், இரகசியம் காப்பதாக உறுதியளிக்கும் மருத்துவருக்கே விவரம் தரப்படும் என்று நிபந்தனை விதித்தது. நோயாளியிடம் கூற முடியாத அறிவைப் பெற்ற மருத்துவர், இரு கடமைகளுக்கிடையே நிறுத்தப்பட்டார். அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2016இல் அந்த விதியைச் செல்லாததாக்கியது.

சொல்வதிலும் பல தரம் உண்டு. வயோமிங் மாநிலம் 2010இல் முதன்முதலாகப் பொருள்களை வெளியிடப் பணித்தது. ஆயினும் இரகசியம் என்று விலக்குக் கோர வாயில் திறந்தே இருந்தது. 2011இல் நாடு முழுமைக்கும் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. 2013 தொடக்கம் வரை அதில் சேர்ந்த பதிவுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றில் ஒரு பொருளேனும் மறைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் பணி முடிந்தபின்னரே பட்டியல் வந்தது. கிணறு தோண்டுமுன் நீரைச் சோதித்து வைத்திருந்தாலன்றிப் பின்னர் வந்த மாற்றத்தை எப்படி நிறுவுவது? ஆகவே முன்கூட்டிச் சொல்வதே சொல்வதாகும். கேட்பவருக்கு விளங்கும் மொழியில் சொல்வதும் அதனுள் அடங்கும். பாடத்தை ஒப்பித்துவிட்டு எழுந்துபோகும் ஆசிரியர் கற்பித்தவராகார்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'சொல்லிவிட்டோம், இனி எம் பொறுப்பு இல்லை' என்று வெளியீட்டையே கேடயமாக்கிக்கொள்ள இடமுண்டு. அறிவித்தல் கடமையின் தொடக்கமே தவிர முடிவன்று. நச்சென்று தெரிந்ததைக் கைவிடுவதும், கெட்டுப்போன நீருக்கு ஈடு செய்வதும் அதன்பின் வரும் கடமைகள். ஆயினும் முதற்படியில் கால்வைக்க மறுப்பவர், அடுத்த படிகளைப் பற்றித் தரும் வாக்குறுதியை யார் நம்புவார்?

அண்டை வீட்டாருக்கு நாம் முதலில் செலுத்த வேண்டிய கடன் உண்மை. நம் தெருவில் கழிவுநீரை எங்கே விடுகிறோம், வயலில் எந்த மருந்தைத் தெளிக்கிறோம் என்பதிலும் இதே கடன் நம்மீது இருக்கிறது. பக்கத்து வீட்டார் வாளியைக் கிணற்றில் இறக்கும்போது, அதில் வருவது யாதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்து கேட்கும் வரை காத்திராமல் நாமே சென்று சொல்வதுதான் அண்டை அறம்.