ஆய்வு நல்கையும் ஐயத்தின் இலக்கணமும்

இன்னும் உருவம் பெறாத ஒரு தொழில்நுட்பத்திற்கான தொடக்கநிலை ஆய்வுக்குப் பொதுப்பணத்தை நல்கையாக, அதாவது திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையாக, வழங்க முன்வரும் எந்த அமைப்பும் விண்ணப்பிப்பவரிடம் அடிப்படையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: கண்டறியப்போவது என்ன, அது எப்போது கைகூடும்? இக்கேள்விக்கு முழுமையாக விடை சொல்லக்கூடியவருக்கு ஆய்வே தேவையில்லை. எந்த விடையும் சொல்ல இயலாதவருக்கோ நிதி கிடைக்காது. படிவம் நிரப்புவதில் எழும் நடைமுறைச் சிக்கலாக மட்டும் இது தோன்றலாம் எனினும், மெய்யியல் தன் தொடக்கக் காலத்திலேயே எதிர்கொண்டு, கிரேக்கத்திலும் இந்தியாவிலும் தனித்தனியே விடை தேடிய ஒரு புதிரே இங்கே அரசு அலுவலகங்களின் மேசையில் மீண்டும் வந்து அமர்ந்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் முழு வடிவில் தொடங்கிய ஐரோப்பியப் புத்தாக்க மன்றத்தின் ‘பாத்ஃபைண்டர்’ திட்டத்தில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காணலாம். ஆய்வுத் துறை எதையும் முன்கூட்டியே வரையறுக்காத அதன் திறந்த பிரிவில், வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த குறைந்தது மூன்று நிறுவனங்கள் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். 2025இல் நல்கை பொதுவாக 30 லட்சம் யூரோ வரை இருந்தது. ஒரு கருத்தின் அடிப்படை விதிகள் மட்டுமே புலப்பட்டுள்ள முதற்படி தொடங்கி, முழுமையடைந்த தொழில்நுட்பம் உண்மைச் சூழலில் இயங்கும் ஒன்பதாம் படிவரை செல்லும் ‘தொழில்நுட்ப முதிர்வு நிலை’ என்ற அளவுகோலில், இத்திட்டம் நாடுவது ஆய்வகத்தைத் தாண்டாத முதல் நான்கு படிகளையே. துணிச்சலான தொலைநோக்கையும் பெரும் இடர்ப்பாட்டை ஏற்கும் அணுகுமுறையையும் கேட்கும் அதே படிவம், நோக்கங்கள் திட்டவட்டமாகவும் நம்பத்தக்கனவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வேலை முழுவதையும் பணித்தொகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் எந்த மாதத்தில் எந்த ஒப்படைப்பு வரும் என்று அட்டவணையிடவும் சொல்கிறது. 2025இல் இப்பிரிவுக்கு வந்த விண்ணப்பங்கள் 2,000ஐத் தாண்டின. தேர்வானவை ஐம்பதுக்கும் குறைவு. இவ்வளவு கடும் போட்டியில் தன் அறியாமையை உள்ளபடி எழுதுபவர் பின்தங்கிவிடுவார் என்ற அச்சம் இயல்பாகவே எழுகிறது. அந்த அச்சத்தால் எழுதப்படும் மிகையுறுதிகள், அறிவைத் தேடும் செயலின் முதல் பக்கத்திலேயே ஒரு பொய்மையைப் பதித்துவிடுகின்றன.

பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் இந்தப் புதிர் கூர்மையாக முன்வைக்கப்படுகிறது: தெரிந்த ஒன்றைத் தேட வேண்டியதில்லை, தெரியாத ஒன்றை, அது எதிர்ப்பட்டாலும் அடையாளம் காண வழியில்லாததால், தேடவே இயலாது. பிரம்மசூத்திரத்தின் முதல் சூத்திரத்திற்கு உரை எழுதும் சங்கரரும் ஏறக்குறைய இதே தடையை எழுப்புகிறார். பிரம்மம் அறியப்பட்டதாயின் அதை அறிய விரும்ப வேண்டியதில்லை, அறியப்படாததாயின் அறிய விரும்பவே முடியாது என்பது அத்தடை. பிளேட்டோ ஆன்மா முன்பே கண்டதை நினைவுகூர்கிறது என்ற கொள்கையால் விடை தேட, சங்கரர் வேறு வழியில் செல்கிறார்: பிரம்மமே எல்லாருக்கும் ஆன்மாவாதலாலும், ‘நான் இருக்கிறேன்’ என்ற உணர்வு எல்லாருக்கும் உண்டாதலாலும் அது பொதுவகையில் அறியப்பட்டதே; ஆனால் அது உடலா, மனமா, இவற்றிற்கு அப்பாற்பட்டதா என்ற சிறப்பியல்பில் கருத்து வேறுபாடு இருப்பதால் விசாரணைக்கு இடமுண்டு. பொதுவில் தெரிந்து சிறப்பில் தெரியாமலிருக்கும் அந்த நடுவெளியே ஆராய்ச்சிக்கு உரிய இடம் என்பது இவ்விடையின் சாரம்.

இந்தியத் தருக்க மரபான நியாயத்தின் மூலநூலாகிய நியாய சூத்திரத்தின் உரையாசிரியரான வாத்ஸ்யாயனர் இந்த நடுவெளிக்கு ஓர் இலக்கணமே வகுத்துத் தருகிறார். முற்றிலும் அறியப்படாத பொருளிலோ முடிவு கண்டுவிட்ட பொருளிலோ ஆராய்ச்சி இயங்காது, ஐயத்திற்குரிய பொருளிலேயே இயங்கும் என்பது அவர் நிலைப்பாடு. அந்த மரபில் ஐயம் என்பது வெறும் குழப்பத்தின் பெயரன்று. அதற்கு உறுப்புகள் உண்டு. அந்தி மங்கலில் தொலைவில் உயர்ந்து நிற்கும் உருவத்தைக் காண்பவருக்கு, அது மரக்கட்டையா மனிதனா என்ற ஐயம் எழுகிறது. இரண்டுக்கும் பொதுவான உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டையும் பிரித்துக்காட்டும் சிறப்படையாளம் இன்னும் தெரியவில்லை, ஆயினும் கை கால் போன்ற எதைக் கண்டால் ஐயம் தீரும் என்பது அவருக்குத் தெரியும். நியாயத்தின் பதினாறு பொருள்களின் வரிசையில் ஐயத்தை அடுத்துப் பயன் என்பது இடம்பெறுவதும் கருதத்தக்கது. எந்த நோக்கமும் இல்லாத ஐயத்தை யாரும் தொடர்ந்து செல்வதில்லை.

நல்கை விண்ணப்பத்தில் உண்மையாக எழுதக்கூடியது இத்தகைய ஐயமே. சூரிய ஒளியைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் ஒரு வினையூக்கி சில மணி நேரத்தில் செயலிழந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், ‘18ஆம் மாதத்தில் நிலைத்த வினையூக்கி உருவாக்கப்படும்’ என்று எழுதும் குழு தன்னால் அறிய இயலாததை அறிந்ததாகச் சொல்கிறது. சிதைவுக்குக் காரணம் ஒளியா அல்லது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனா என்பது தெரியவில்லை, ஆக்சிஜன் நீக்கப்பட்ட கலத்தில் அதே ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் அது தெரியவரும், விடை எதுவோ அதற்கேற்ப அடுத்த வழி இன்னது என்று எழுதும் குழுவோ ஒரு சொல்லைக்கூட மிகைப்படுத்தவில்லை. ஆயினும் முன்னதைவிடத் திட்டவட்டமாகப் பேசுகிறது. பாத்ஃபைண்டரின் மதிப்பீட்டு அளவுகோல்களில் ஆய்வுமுறையின் மாற்றுத் திசைகளைப் பற்றிய கேள்வியும் அடங்கியுள்ளது. விண்ணப்பிப்போர் அதைப் பெரும்பாலும் இடர்ப்பாட்டு அட்டவணையின் கடைசி வரிசையில் ஒதுக்கிவிடுகிறார்கள் என்றால், அது விண்ணப்பத்தின் உயிரை ஓரத்தில் கிடத்துவதாகும்.

இங்கே வாக்குறுதி பற்றிய அறவியல் கேள்வியும் எழுகிறது. தன் ஆற்றலுக்கு உட்படாத ஒன்றை வாக்களிப்பவர், அது தற்செயலாக நிறைவேறினாலும், வாக்களித்த நேரத்தில் நேர்மையாக நடந்தவர் ஆகார். இயற்கை எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆய்வாளரின் ஆற்றலுக்கு உட்பட்டதன்று. சோதனையைச் செய்வதும் கண்டதை மறைக்காமல் சொல்வதும் உட்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியளிப்பில் பரவிவரும் மொத்தத்தொகை முறை, அதாவது செலவுச் சீட்டுகளைச் சரிபார்க்காமல் ஒவ்வொரு பணித்தொகுப்புக்கும் முன்பே முடிவுசெய்த தொகையைத் தரும் முறை, இந்த வேறுபாட்டை விதியாகவே ஏற்றுக்கொண்டுள்ளது: பணம் கிடைப்பது பணிகளை முடிப்பதைப் பொறுத்தது, விளைவின் வெற்றியைப் பொறுத்ததன்று. தணிக்கையை எளிதாக்கக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது என்றாலும், அதில் அமைந்துள்ள அறநுணுக்கம் போற்றத்தக்கது.

மதிப்பிடுவோரின் நிலையும் அறியாமையிலிருந்து விடுபட்டதன்று. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு வந்த 150 விண்ணப்பங்களை வேறு மதிப்பீட்டாளர்களிடம் மீண்டும் கொடுத்து ஸ்டீபன் கோல், ஜோனதன் கோல், கேரி சைமன் ஆகியோர் நடத்திய ஆய்வு 1981இல் வெளிவந்தது. நல்கை கிடைப்பதில், விண்ணப்பம் யார் கையில் சேர்கிறது என்னும் தற்செயலுக்குப் பெரும் பங்குண்டு என்பது அதன் முடிவு. இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அமைப்புகளும் உள்ளன. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013 முதல் புதுமையான ஆய்வுகளுக்கென ஒதுக்கிய ஒரு நல்கையில், தகுதியுள்ளவற்றைப் பிரித்தெடுத்தபின் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறது. சுவிஸ் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2021 முதல், தரத்தில் பிரித்தறிய முடியாத விண்ணப்பங்களுக்கிடையே மட்டும் குலுக்கலை அனுமதிக்கிறது. இதை அறிவின் தோல்வி என்று பழிப்பது சரியன்று, ஏனெனில் வேறுபாடு புலப்படாத இடத்தில் வேறுபாடு இருப்பதாக மதிப்பெண் இடுவதைவிடக் குலுக்கல் உண்மைக்கு நெருக்கமானது. எனினும் தகுதியை முடிவுசெய்யும் முதற்கட்டத்தைக் குலுக்கலிடம் ஒப்படைக்க முடியாது. நன்கு அமைந்த ஐயத்தையும் வெற்றுக் குழப்பத்தையும் அங்கே பிரித்தறிய மனித மதிப்பீடே வேண்டும்.

ஐயத்தைத் தீர்ப்பதற்காகப் பொதுமக்கள் பணம் செலுத்தியிருக்கிறார்கள் என்று கொண்டால், எந்தப் பக்கம் தீர்ந்தாலும் அந்தத் தீர்வு அவர்களுக்கு உரியது. ஆனால் ஆய்விதழ்களில் வெளிவருபவை பெரும்பாலும் கைகூடிய முடிவுகளே. ஆக்சிஜனை நீக்கியும் வினையூக்கி சிதைந்தது என்ற செய்தி வெளிவராமல் போனால், வேறொரு நாட்டில் வேறொரு குழு அதே சோதனைக்கு மீண்டும் பொதுப்பணம் கேட்டு விண்ணப்பிக்க, அதை மதிப்பிடுவோரும் புதிய கருத்து என்று நம்பி மதிப்பெண் இடுவார்கள். ஆதலால் இறுதி அறிக்கையில் கைவிடப்பட்ட ஒவ்வொரு வழியும், அதைக் கைவிடச் செய்த சோதனையும், அதன் அளவீடுகளும் எவரும் படிக்கத்தக்க வகையில் இடம்பெற வேண்டும் என்பதை நல்கை ஒப்பந்தமே ஒரு கடமையாக விதிப்பது முறையாகும். அந்தப் பணிக்கான மாதங்களும் ஊதியமும் விண்ணப்பத்தின் அட்டவணையிலேயே தனிப் பணித்தொகுப்பாக ஒதுக்கப்பட வேண்டும்.