151 யாருடையது?

கலிஃபோர்னியாவின் கான்கார்டு நகரில் தெ லா சால் என்றொரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. 1979-ல் பாப் லாடூசர் அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக வந்தபோது, தோல்வியைவிட வெற்றி கூடுதலாக இருந்த பருவம் ஒன்றைக்கூட அந்த அணி பார்த்ததில்லை. (அமெரிக்கர்களின் கால்பந்து இது, காலைவிடக் கைக்கும் தோளுக்கும்தான் வேலை அதிகம்.) அதே அணி 1992 முதல் 2003 வரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. தொடர்ந்து 151 வெற்றிகள்.

எல்லோரும் வியக்கும் எண். எனக்கோ ஒரு சந்தேகம்: இது யாருடைய வெற்றி? அங்கே உயர்நிலைப் பள்ளி நான்கே ஆண்டு. முதன்மை அணியில் ஒரு பையன் ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று. 151 ஆட்டத்தையும் ஆடிய வீரன் ஒருவனும் கிடையாது. தேறியவர்கள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். மீசை அரும்பாத புதுப் பையன்கள் வந்து நிற்பார்கள். எப்படி நிற்பது, எப்படித் தடுப்பது என்று மறுபடி முதலிலிருந்து. ஆசிரியரின் அனுபவம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். எதிரே இருப்பவர்களின் அனுபவம் ஒவ்வொரு கல்வியாண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். வெற்றியைச் சொத்தாக எழுதிவைக்க முடியாத தொழில் இது.

லாடூசருக்கு அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் அணியில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியிலும் ஆட்டத்திலும் தான் செய்யப்போவதை ஒவ்வொருவனும் சிறு அட்டையில் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் சக வீரன் ஒருவனிடம் கொடுப்பான். வாக்குக் கொடுத்தது அந்த ஒருவனுக்கு. அண்ணன்மார் சேர்த்துவைத்த எண்ணுக்கு அல்ல.

2004 செப்டம்பரில், சியாட்டிலில், பெல்வியூ பள்ளி 39-20 என்று அந்தத் தொடரை முடித்துவைத்தது. முந்தைய மாதம்தான் அணியின் பழைய வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தோற்ற பையன்களில் பலர், தொடர் தொடங்கியபோது மழலைப் பள்ளியில் இருந்தவர்கள். கட்டியவர்கள் யாரோ, விட்டவர்கள் என்ற பெயர் மட்டும் இவர்களுக்கு. என்னைக் கேட்டால் அது அநியாயம்.

2012 பருவத்தோடு லாடூசர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமன். நானூற்றுக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றுக்காக இன்னொரு பருவம் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தன்னிடம் ஆடிய பழைய மாணவர் பொறுப்பேற்க, அவருக்குத் துணைப் பயிற்சியாளராக நின்றார்.