உப்பில் நிற்கும் மரங்கள்



போர்த் தண்ணீர் உப்பாகிப்போன தெருவில் ரோஜாச்செடி வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் இலையின் ஓரம் கருகும். பிறகு இலை உதிரும். ஒரு மாதம் போனால் தொட்டி மட்டும் மிஞ்சும். அந்தத் தண்ணீர் கடல் தண்ணீருக்குப் பக்கத்தில்கூட வராது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு.

அந்தக் கடலும் ஆறும் கலந்த தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி வடியும் சேற்றில் ஒரு காடே நிற்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம்தான் அது. படகில் போனால் முதலில் கண்ணில் படுவது சுரபுன்னை, வளைந்த கால்களை ஊன்றி நிற்பதுபோல. அது உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது, வாசலில் ஆள் நிறுத்தியதுபோல. வெண்கண்டல் அப்படியில்லை. உப்பை உள்ளே விட்டு, இலை வழியாக வியர்த்துத் தள்ளும். வெயிலில் அதன் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

மூன்றாவது, தில்லை. சிதம்பரத்துக்குப் பழைய பெயர் கொடுத்த அதே மரம். இன்று ஊருக்குள் தேடினால் தில்லைக் காடு இல்லை, பார்க்க இங்கேதான் வரவேண்டும். பார்க்கலாம், கிளையை ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லையின் முதிர்ந்த இலைகளில் உப்பு சேர்கிறது. அவை சிவந்து உதிரும்போது உப்பும் கூடவே போய்விடுகிறது.

உப்பு மட்டுமா? அந்தச் சேற்றில் காற்றும் கிடையாது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் சேறு அது. வேர் மூச்சுவிட என்ன செய்யும்? வெண்கண்டலைச் சுற்றிப் பாருங்கள், ஆணி அடித்ததுபோல நூற்றுக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி முளைத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் அவற்றின் நுண்துளைகள் காற்றை உள்ளே இழுக்கின்றன. தண்ணீர் மூடும்போது, இழுத்து வைத்த காற்றில்தான் வேர் காலம் தள்ளுகிறது.

இதையெல்லாம் சொன்னதும் ஒருவர் எழுந்து, "பாருங்கள், மரம்கூடச் சூழலுக்குத் தக்கபடி மாறிக்கொள்கிறது, நாம்தான் குறை சொல்கிறோம்" என்பார். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. எந்த மரமும் யோசித்து மாறவில்லை. தாங்க முடியாதவை தலைமுறை தலைமுறையாகச் செத்தன, தாங்கியவற்றின் விதை மிஞ்சியது. இந்த மரங்களுக்கு உப்பின்மேல் ஆசையும் இல்லை. உப்பு மிகுந்தால் இவையும் குட்டையாகித்தான் போகின்றன.

அதற்கும் மேலே போனால்? பிச்சாவரத்திலேயே அது நடந்தது. கடந்த நூற்றாண்டில் காட்டின் பல பகுதிகளை அடியோடு வெட்டினார்கள். நிழல் போனது, வெயில் பட்டுச் சேறு உலர்ந்து அமிழ்ந்தது, தரை தாம்பாளம்போலக் குழிந்தது. ஏறிவந்த கடல் தண்ணீர் அங்கேயே தேங்கி, வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த இடத்தில் சுரபுன்னையும் வரவில்லை, வெண்கண்டலும் வரவில்லை. வெட்டவெளியாகக் கிடந்தது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள்போலச் சின்ன வாய்க்கால்கள். அவ்வளவுதான். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே போனது. கரையில் ஊன்றிய கண்டல் நாற்றுகள் பிடித்துக்கொண்டன.